இரண்டாம் ஈடு

3-8-92, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். வானம் மூடிக் கிடக்கிறது, மழை இல்லை. சுற்றுச்சூழல் கல்வி மையத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே புட்டி வேலை.

நாற்பது சின்ன மருந்துப் புட்டிகள். சோப்பு, பிரஷ், மூன்று முறை அலசல், வெயிலில் கவிழ்த்தல். பிறகு உள்ளே மருந்து தடவிய தாள், மூடி, கிருமி சாகக் குக்கரில் வேகவைத்தல். சனிக்கிழமை பூந்தமல்லியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் இந்தப் புட்டியில் ஊற்றிய ஒரு நாளில் கறுத்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்து பார்க்கலாம். முகாமில் இதற்குத்தான் எப்போதும் வரவேற்பு. மரம், பறவை படங்களைக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள்.

மே மாதம் வரை கூட வேலை பார்த்த மேரி கழுவுவாள், நான் அடுக்குவேன். ஜூனில் கல்யாணமாகிக் கோவை போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனை பள்ளிக்கூடம் உண்டோ அத்தனைக்கும் நான் ஒருத்தி.

முதல் ஈடு சரியாக வெந்தது. மூடியில் 1 என்று எழுதினேன். இரண்டாம் ஈட்டின் நடுவில் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. பாதி நேரம் வெந்திருக்கும். கீழ் வீட்டில் கேட்கலாம். கேட்டால் உட்கார வைத்து இன்னும் ஏன் தனியாக இருக்கிறேன் என்று ஆரம்பிப்பார்கள். குக்கர் சூட்டிலேயே மூடி வைத்தேன். போதும். மூடியில் 2.

காலையில் வடித்த ஒரு டம்ளர் அரிசிதான் ராத்திரிக்கும். நாளைக்கும் வரும்.

8-8-92, சனி

முகாம். அழைத்தது இருபது பேர், வந்தது பதினொரு பேர். அதில் நால்வர் வருகைப் பதிவுக்காக. ஒருவர் கடைசி வரை ஸ்வெட்டர் பின்னினார். இந்த வெயிலில் யாருக்கு என்று கேட்க வாய் வரை வந்தது.

ஒருத்தி மட்டும் முதல் வரிசையில், கேள்வி மேல் கேள்வி. பெயர் சரோஜினி. சென்னீர்குப்பம் தாண்டி ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறாள். கணவர் ஆவடி தொழிற்சாலையில், குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

“மேடம், எங்க பிள்ளைகளை வீட்டுத் தண்ணி கொண்டு வரச் சொல்லலாமா?”

“தாராளமா. அதுக்குத்தான் இது.”

அவளுக்கு நான்கு புட்டிகள். சைக்ளோஸ்டைல் குறிப்புத் தாளும் கொடுத்தேன், ஒன்பது படிகள். படி ஒன்பது வருவதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது. எல்லாரும் பையை எடுத்துவிட்டார்கள். “மிச்சத்தைப் படிச்சுக்கோங்க” என்றேன்.

போகும்போது சரோஜினி, “இவ்வளவு தூரம் தனியாவா மேடம் வர்றீங்க?” என்றாள். பழகிவிட்டது என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆனாலும் நல்ல நாள்.

9-8-92, ஞாயிறு

இன்று நான் பேசியவை:
பால்காரரிடம்: “அரை லிட்டர்.”
கீழ் வீட்டுக் குழந்தையிடம்: “பார்த்து, படி வழுக்கும்.”
காய்கறிக் கடையில்: “கொத்தமல்லி வைக்க மாட்டீங்களா?”

அவ்வளவுதான். சாயங்காலம் கீழ் வீட்டு டி.வி.யில் படம். சுவர் வழியாக வசனம் மட்டும் கேட்கிறது. யாரோ அழுகிறார்கள், யார் என்று தெரியவில்லை.

13-8-92, வியாழன்

சரோஜினி தபால் கார்டு போட்டிருந்தாள்: “உடனே வரவும். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.” திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடி, அங்கிருந்து பூந்தமல்லி, பிறகு இன்னொரு பஸ். கடைசியில் நடை.

ஓட்டுக் கூரை, இரண்டு வேப்பமரம். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு யாரும் கை தட்டி எத்தனை வருஷம்! நான்கு புட்டிகள் ஜன்னலில் வரிசையாக. பள்ளிக் குழாய், மளிகைக் கடை, மெயின் ரோட்டுத் தொட்டி மூன்றும் தெளிவு. தெருக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் மை போலக் கறுப்பு. சுவரில் பெரிய சார்ட்: ‘எங்கள் தெருத் தண்ணீர்’. கிணற்றின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வந்தவள் செல்வி என்ற பெண். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை.

“இனிமே அத குடிக்கக் கூடாதுல்ல மேடம்?”

“கூடாது.”

“நான் எங்கம்மாட்ட அப்பவே சொல்லிட்டேன். தெருவுக்கே சொல்லிட்டேன்.”

தலைமையாசிரியர் டீ வரவழைத்தார். கறுத்த புட்டியை அடுத்த முகாமில் காட்டுவதற்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் கரையான்சாவடியில் இறங்கி, கடையில் நின்று சூடாக இரண்டு போண்டா. வருகிற பஸ்ஸை எல்லாம் விட்டேன். வீட்டுக்குப் போனால் சொல்ல ஆள் இல்லையே.

15-8-92, சனி

விடுமுறை. தூரத்தில் எங்கோ கொடியேற்றப் பாட்டு. அண்ணனிடமிருந்து பம்பாய்க் கடிதம். அதே வரி: “அங்கே தனியாக என்ன செய்கிறாய்?” இந்தத் தடவை பதில் இருந்தது. சரோஜினி பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஒரு தெருவையே காப்பாற்றிவிட்டது போல. படித்துப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கம். இருந்தாலும் ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

18-8-92, செவ்வாய்

சரோஜினிக்குப் புதிய தாள்கள் கொடுக்கப் போனேன். திரும்பும்போது அந்தக் கிணற்றைப் பார்க்கலாமே என்று தெருப் பக்கம் திரும்பினேன். போயிருக்காவிட்டால்? இல்லை, போனதுதான் சரி.

கிணற்றடியில் ஒருவரும் இல்லை. கயிறு காய்ந்து சுருண்டு கிடக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீதான அந்த சீசா டீச்சரு?”

ஆமாம் என்றேன்.

“வா, குந்து. எம்மேல உனுக்கு இன்னா கோவம்?”

பெயர் வள்ளியம்மா. இந்தத் தெரு முன்பு வயலாம், கணவர் அதில் கூலி வேலை பார்த்தவராம். நிலத்தை பிளாட் போட்டு விற்றபோது கிணற்றைச் சுற்றி இருந்த துண்டு நிலத்தை இவர்களுக்கு விட்டார்களாம். அவர் இப்போது இல்லை. தெருவே இங்குதான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. காலையில் இவர் இட்லி சுட்டு விற்பார்.

“இப்ப எவளும் வர்றதில்ல. அந்தத் தண்ணில மாவு அரச்ச இட்லி வாணாம்ன்றாளுங்க. போன வருசம் கடன வாங்கி ஒரு கக்கூசு கட்னேன். அதாலதான் கிணறு கெட்டுப்போச்சாம். தோ, எவ்ளோ தூரத்துல கட்டிகீறேன், நட்ந்து பாரு.”

நடந்து பார்த்தேன். நல்ல தூரம். கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம்.

“காத்தால வந்தாளுங்கன்னா பத்து மணி வரிக்கும் இங்கதான். யாரு ஊட்ல சண்ட, யாருக்கு இது எத்தினியாவது மாசம், அல்லாம் எனுக்குத் தெரியும். இப்ப ஒரு காக்கா வர்ல. நானே எங்கூடப் பேசிக்கினு கீறேன்.”

எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். சாக்கடை ஓரத்து அடிபம்ப். முன்பெல்லாம் அதில் துணிதான் துவைப்பார்களாம். அதனால்தான் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைப் பள்ளிக்குக் கொண்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து கறுத்த புட்டியை எடுத்தேன். மூடியில் 2.

குறிப்புத் தாளில் படி ஒன்பது, நானே எழுதியது: “ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு புட்டியில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி வைக்கவும். அது கறுத்தால் புட்டியில்தான் குறை.” எழுதியவள் செய்யவில்லை. மேரி இருந்தபோது அவள் செய்வாள்.

2 என்று எழுதிய புட்டி மூன்று மிச்சம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூன்றிலும் ஊற்றினேன். துண்டில் சுற்றி அடுப்பு மேடையில்.

20-8-92, வியாழன்

மூன்றில் இரண்டு கறுப்பு.

பொழுது விடிந்ததும் பார்த்தேன். சும்மா நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

கிணறு கெட்டிருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அந்தப் பெண்ணிடம் “கூடாது” என்றேன். அதற்குக் கை தட்டலும் வாங்கிக்கொண்டேன்.

மையத்துக்கு விடுப்பு. புதிய மண்ணெண்ணெய். பத்துப் புட்டிகள், முழு நேரம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

21-8-92, வெள்ளி

முதல் பஸ். கிணற்றில் இரண்டு புட்டி, பம்பில் இரண்டு, கொதித்த தண்ணீர் ஒன்று. வள்ளியம்மாவே இறைத்து ஊற்றினார்.

பள்ளியில் சரோஜினி இல்லை, விடுப்பாம். தலைமையாசிரியர் வராந்தாவில் சொன்னார்: “செல்வி நாலு நாளா வரல. வாந்தி பேதி. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. அவங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு. பாத்தீங்களா, உங்க கிணத்து வேலை!”

பம்பைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. என் கையில் இன்னும் ஒன்றும் கறுக்கவில்லை. மறுபடியும் தெரியாமல் ஒன்றைச் சொல்வதா? கடைசியில், “எந்தத் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க, இன்னிக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். போதாது என்று தெரியும்.

பூந்தமல்லியில் மளிகைக் கடைப் போனிலிருந்து இயக்குநருக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். காசு தீரப்போகிறது என்று நினைத்தேன்.

“தேவகி, அவசரப்படாதீங்க. கிணத்துல பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்க. ரெண்டு நாள் கழிச்சு, சரியாயிடுச்சு, குடிக்கலாம்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லது.”

“அந்த அம்மா கக்கூஸால கெட்டுதுங்கிற பேரு அப்படியே நிக்கும் சார்.”

“புட்டிதான் தப்புன்னு சொன்னா நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல நம்மள உள்ள விடுவாங்க? இத்தனை வருஷ வேலை...”

அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் வராத மாதங்களிலும் மையத்தை ஓட்டியவர். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மூன்று புட்டிகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மேரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டதோடு நின்றுவிட்டது.

22-8-92, சனி

பதினொரு மணிக்கு பம்ப் புட்டிகள் இரண்டும் கறுப்பு. கிணறு இரண்டும் தெளிவு. கொதித்த தண்ணீர் தெளிவு.

அப்படியே கிளம்பினேன். சாப்பிடவில்லை. பஸ்ஸில் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பம்படியில் பத்துப் பதினைந்து குடங்களைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

“இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. பாருங்க” என்று கறுத்த புட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

“அன்னிக்கி கிணத்தச் சொன்ன, இன்னிக்கி பம்பச் சொல்ற. நாளிக்கி இன்னாத்தச் சொல்லுவ?” நைலான் புடவைக்காரி ஒருத்தி, இடுப்பில் குடம்.

“அன்னிக்கு சொன்னது தப்பு. கிணத்துல ஒண்ணும் இல்ல. நான் கொடுத்த புட்டி சரியா வேகல. பாதியில இறக்கிட்டேன். அதனாலதான் கறுத்துது. வள்ளியம்மா கக்கூஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சரோஜினி டீச்சர் மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னோடது.”

பம்ப் சத்தம் நின்றது.

“வேகாத புட்டியா?”

“ஆமா.”

“அப்ப செல்விக்கு?”

“இந்தத் தண்ணியாத்தான் இருக்கும். நான் சொன்னதாலதான இங்க வந்தீங்க.”

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில். “படிச்சவங்கன்னு நம்புனோமே.” “எங்க புள்ளிங்கள வெச்சி வெளாட்றியா?” “உனுக்குப் புள்ளகுட்டி கீதா? இருந்தா தெரியும்.” கடைசியாகச் சொன்னது யார் என்று பார்க்கவில்லை. ஒருத்தி குடத்துத் தண்ணீரை என் காலடியில் கொட்டினாள். வேண்டுமென்றே கொட்டினாளா, தற்செயலா தெரியவில்லை. செருப்பு நனைந்தது. நின்றேன். ஓடிவிடக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

கத்தி ஓய்ந்து ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தெருமுனையில் வள்ளியம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அருகே போய்க் கை கூப்பினேன்.

“நீ வந்து சொன்னது சரி” என்றார். “ஆனா இத்தினி நாளா எங்கிணத்தாண்ட ஒருத்தி வர்ல. அத எந்த சீசால புடிச்சிக் காட்டுவ?”

உள்ளே போய்விட்டார்.

23-8-92, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பழம் வாங்கலாமா என்று யோசித்து, பேதிக்கு எதற்குப் பழம் என்று விட்டுவிட்டேன். வெறுங்கையோடு போனது அதைவிட மோசம்.

வார்டு வாசலில் செல்வியின் அம்மா. தெருவிலிருந்து சேதி வந்துவிட்டது போல. என்னை அடையாளம் கண்டார். கத்தவில்லை. “உள்ள வராதீங்க டீச்சர்” என்றார், மெதுவாக. “இப்பதான் கண்ணத் தொறந்து பேசறா. உங்களப் பாத்தா மறுபடி சீசா, தண்ணினு ஆரம்பிப்பா.”

கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தாள். பின்னல் அவிழ்ந்திருந்தது. வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டார். “தெரிஞ்ச பொண்ணு” என்றேன்.

24-8-92, திங்கள்

பள்ளிக்குப் போனேன். சார்ட் சுவரில் இல்லை. நாலு மூலையிலும் பசைத் தடம். சரோஜினி வகுப்பை விட்டு வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“காலைல பிள்ளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும் மேடம். பிள்ளைங்க! ‘டீச்சர், உங்க பாடம் தப்பாம்ல’னு ஒருத்தன் கேக்கான். சனிக்கிழமை அங்க வந்தீங்கல்ல, ஆவடி எவ்வளவு தூரம்? குவார்ட்டர்ஸ் நம்பர் உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நானும் வந்து பக்கத்துல நின்னிருப்பேன்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையாகவே தோன்றவில்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்பதே மறந்து போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். “பெல் அடிச்சிட்டு மேடம்” என்று உள்ளே போய்விட்டாள். பெல் அடிக்கவில்லை.

சாயங்காலம், முகாமுக்கு வந்த மற்ற பத்துப் பேருக்கும் தபால் கார்டு: “மூடியில் 2 என்று உள்ள புட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம். பிழை என்னுடையது. முன்பே செய்து பார்த்திருந்தால் அந்த முடிவை யாருக்கும் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து சொல்கிறேன்.” பத்தாவது கார்டில் கையெழுத்து கோணல்.

27-8-92, வியாழன்

கொஞ்சம் மழை. மண் நனையவில்லை.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பேசினார். நான் கேட்காமல் செய்தது வருத்தம்தானாம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கோபமாக எழுதியிருக்கிறார். ஆனால், “செஞ்சது தப்புன்னும் என்னால சொல்ல முடியல” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பிறகு உத்தரவு: இனி ஒவ்வொரு ஈட்டுக்கும் இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு புட்டியும் வெளியே போகக் கூடாது. ஆள் கொடுக்க வசதி இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் தண்ணீர்ச் சோதனை நிறுத்தம். மரம், பறவை படங்கள் மட்டும்.

இரண்டு பேர். மனதில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். கீழ் வீடு, பால்காரர், மையத்துத் தட்டச்சுக்காரர். திருமுல்லைவாயிலில் பதினாறு வருஷம். ஸ்டவ் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வந்து நில்லுங்கள் என்று கேட்க ஒரு பெயர் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பாமல் அந்தத் தெரு வரை போய் எட்டிப் பார்த்தேன். பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். கிணற்றடியில் நான்கு குடங்கள். வள்ளியம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: “எட்டி நின்னு சேந்துடி, கவுந்துடப் போற!” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கிட்டே போகவில்லை.

29-8-92, சனி

அம்பத்தூர்ப் பள்ளியில் முகாம், முன்பே தேதி கொடுத்தது. வந்தது எட்டுப் பேர். தபால் கார்டு கிடைத்த பத்துப் பேரில் இருவரும் வந்திருந்தார்கள், ஆச்சரியம். செல்வி திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரப்போகிறாளாம். அவர்களில் சென்னீர்குப்பத்துக்காரர் ஒருவர் சொன்னார்.

படங்களைக் காட்டவில்லை. எழுந்து நின்று, படி ஒன்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டவ், பாதி நேரம், செல்வி, வள்ளியம்மா, பம்படி, எல்லாம். ஸ்வெட்டர் பின்னுகிறவர் ஊசியை மடியில் வைத்துவிட்டார்.

நடுவில் கதவு திறந்தது. சரோஜினி. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, குறிப்பெடுக்கவும் இல்லை. எனக்கு இரண்டு வாக்கியம் குழறியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிவில் சொன்னேன்: “இன்னிக்குப் புட்டி கிடையாது. கூட நிக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் கொடுக்கறதா இல்ல.” வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக் கலைந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் சரோஜினி எனக்கு முன்னால் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஆவடி பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“எனக்கு இன்னும் கோவம் தீரல மேடம்.”

தெரியும் என்றேன்.

“புட்டி வேகவைக்க எத்தனை மணிக்கு வரணும்?”

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நாலு மணி என்று கத்தினேன். எந்தக் கிழமை என்று சொல்லவில்லை.